சாவி பச்சைக் கதவு வீட்டில்

வடக்கு ஸ்பெயினில் இருக்கும் எங்கள் ஊர் தோர்தேமோராவுக்கு யாராவது காரில் வந்து இறங்கினால், அவர்கள் தேடி வருவது புனித பெலாயோவின் சின்னக் கோவிலைத்தான். நெடுஞ்சாலையில் கோவிலுக்கு ஒரு பழுப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் பலகை கிடையாது.

கோவில் ஊருக்குக் கொஞ்சம் மேலே, சரிவில் நிற்கிறது. கூரைக்கு அடியில் சுற்றிலும் கல்லில் செதுக்கிய உருவங்கள். பல்வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும் துறவி, குழல் ஊதும் பன்றி, புருஷன் தாடியைப் பிடித்து இழுக்கும் பெண்சாதி. வடக்குப் பக்கம் கடைசியில் ஒரு ஆள் இருக்கிறான். அவன் என்ன செய்கிறான் என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கள் பங்குச் சாமியார் அந்தப் பக்கம் வந்தால் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். கேமராவோடு வருகிறவர்கள் நேராக அங்கேதான் போவார்கள்.

உள்ளே சுவரில் ஒரு பழைய ஓவியம், செத்தவர்களின் ஆத்துமாவைத் தராசில் நிறுக்கும் வானதூதர். ஒரு தட்டில் பிசாசு தொங்கிக்கொண்டு கள்ள எடை காட்டுகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் சாவி வேண்டும். கதவில் ஆணியடித்த தகரத்தில் எழுதியிருக்கும்: 'சாவி கசில்தாவிடம். பச்சைக் கதவு வீடு.'

பச்சைக் கதவு வீடு என் கடைக்கு நேர் எதிரே. நான் தொமித்திலா. ஊரில் காப்பி, ஒயின், உருளைக்கிழங்கு ஆம்லெட் கிடைக்கிற ஒரே இடம் என்னுடையது. எதிர் வீட்டில் நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததைக் கசில்தாவே வந்து சொல்லிவிடுவாள்.

கசில்தா தாட்டியானவள், அறுபதைத் தாண்டியவள். பில்பாவோ நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வெகுகாலம் ஆட்களை விரட்டி வேலை வாங்கிவிட்டு, புருஷன் மௌரோவோடு ஊருக்குத் திரும்பியவள். மௌரோ போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கு முன்பே மாமியார் கண்ணை மூடும்போது, கோவில் சாவியைச் சின்ன மகன் எவேலியோவிடம் கொடுக்காமல் மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எவேலியோ இன்றைக்கு எங்கள் ஊர்த் தலைவர். தலைவர் ஆன பிறகும் அந்தச் சாவியை நினைத்தால் அவருக்கு வயிறு எரியும்.

எல்லாம் ஒரு பல்பில் ஆரம்பித்தது. ஜெர்மனியிலிருந்து நெட்டையாக ஒருவர் வந்து சாவி கேட்டார். கசில்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கூடத்தில் பல்பு எரியாமல் ரொம்ப நாளாகிறது, நாற்காலி போட்டு ஏறப் பயமாயிருக்கிறது என்று சைகையிலேயே சொன்னாள். அவர் நாற்காலி இல்லாமலே மாட்டிக் கொடுத்தார். ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்போடு கோவிலுக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வேறு வந்தது.

"தொமி, நான் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன்டி" என்று அட்டையோடு என் கடைக்கு ஓடி வந்தாள். "டவுன்காரங்களுக்கு யாருமே வேலை சொல்றதில்லடி. சொன்னா சந்தோஷப்படறாங்க!"

அதற்கப்புறம் அவள் ஆளைப் பார்த்து வேலை கொடுக்க ஆரம்பித்தாள். ஜோடியாக வந்தால் போர்வை மடிக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும் இல்லையா? பஸ்ஸில் கூட்டமாக வந்தால் வரிசையாக நின்று விறகைக் கைமாற்றிக் கொட்டகையில் அடுக்குவார்கள். கண்ணாடி போட்ட பேராசிரியர் தனியாக வந்தால் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லுவாள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேலிக்கு வெளியே போன கோழி உள்ளே வரும். வேலை முடிந்ததும், முழங்கை நீளச் சாவியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, "இடது பக்கம் ரெண்டு சுத்து. அப்புறம் கதவு கிட்ட மெதுவா மன்னிப்புக் கேட்டுட்டு தோளால இடிங்க. மன்னிப்புக் கேக்கலைன்னா திறக்காது" என்று சாமியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவாள். டாக்டர், நீதிபதி எல்லாம் அந்தக் கதவிடம் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை செய்தவர்களுக்குப் பசிக்கும். பசித்தால் என் கடைக்கு வருவார்கள். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை.

மாட்ரிட்டிலிருந்து வந்த ஒரு வக்கீல்தான் காரியத்தைக் கெடுத்தார். ஊருக்குத் திரும்பியதும் இன்டர்நெட்டில் எழுதிப் போட்டார்: 'பன்னிரண்டாம் நூற்றாண்டைப் பார்க்க வந்தேன். கோழிக்கூண்டைக் கழுவிவிட்டுப் போகிறேன்.' ஒரே ஒரு நட்சத்திரம்.

எவேலியோ அதைப் போனில் வைத்துக்கொண்டு என் கடைக்குள் பாய்ந்து வந்தார். கசில்தா அப்போதுதான் காப்பியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது உங்களுக்கே நல்லாயிருக்கா? அவரு எவ்வளவு பெரிய வக்கீல் தெரியுமா? அவரைப் போய்க் கோழிப் பீயை அள்ளச் சொல்லியிருக்கீங்க!"

"நான் எங்கப்பா சொன்னேன்? கூண்டைக் கழுவணும், முடிச்சிட்டு வந்து சாவி எடுத்துத் தரேன்னுதான் சொன்னேன். அவருதான் பொறுமை இல்லாம சட்டையை மடிச்சு விட்டாரு."

"ஊர் மானமே போச்சு. உலகம் பூரா படிக்கறான்!"

"கூண்டு பளிச்சுன்னு இருந்துச்சே, அதை எழுதினாரா?"

"அண்ணி!"

"எழுதலையா? அதானே பார்த்தேன். நல்லதை எவன் எழுதறான்."

எவேலியோ கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அடுத்த வாரமே நகரத்திலிருந்து, மாகாணச் சுற்றுலா அலுவலகத்திலிருந்து, பௌலினோ என்று ஒரு இளம் அதிகாரி வந்து இறங்கினார். இறுக்கமான கால்சட்டை, கூரான ஷூ. எங்கள் தெருக் கல்லில் அந்த ஷூவோடு நடப்பதே ஒரு வித்தையாக இருந்தது. அவரும் எவேலியோவும் என் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

விஷயம் இதுதான். கதவில் மின்சாரப் பூட்டு. வருகிறவர்கள் போனிலேயே டிக்கெட் வாங்கிப் போனைக் காட்டினால் கதவு தானே திறக்கும், விளக்கு தானே எரியும், சுவரிலிருந்து ஒரு குரல் எல்லாவற்றையும் விளக்கும். கதவு தானே மூடிக்கொள்ளும்.

"யாரையும் எதுக்கும் கெஞ்ச வேண்டியதில்ல, தலைவரே" என்றார் பௌலினோ.

"அந்தச் சாவி?" என்று கேட்டார் எவேலியோ. கேட்கும்போதே குரல் குழைந்தது.

"அதைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு உள்ளயே மாட்டிடலாம். உங்க கையாலேயே."

இரண்டு பேரும் பச்சைக் கதவைத் தட்டியபோது, இன்றைக்கு ரத்தக்களரிதான் என்று நினைத்து நான் வாசலுக்கே வந்துவிட்டேன். கசில்தா எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போனாள். சாவியை எடுத்து வந்து எவேலியோ கையில் வைத்தாள்.

"எண்ணெய் போட்டு வெச்சிக்கப்பா. துருப் பிடிக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வேலையாட்கள் மேலே கோவிலில் துளை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு கிண்ணம் ஒயினோடு போய் உட்கார்ந்தேன்.

"ஏன்டி சும்மா கொடுத்துட்ட?"

"பின்ன என்ன, அடிச்சுக்கவா சொல்ற?" என்றாள். ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிமே போர்வையை ஒத்தையாத்தான் மடிக்கணும். பரவாயில்ல. ஒரு நுனியைக் கதவுல மாட்டிக்கலாம்" என்றாள்.

திறப்பு விழா செப்டம்பரில். மாகாணத் துணைத் தலைவி லெயோனோர் மேடம் நகரத்திலிருந்து வந்தார். பௌலினோ, எவேலியோ, மந்திரிக்கப் பங்குச் சாமியார், படம் பிடிக்க ஒரு பத்திரிகைக்காரர் என்று பெரிய மனுஷர்கள் எல்லாம் மேலே ஏறினார்கள். எவேலியோ கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சாவியைச் சிவப்பு மெத்தையில் வைத்து, குழந்தையைத் தூக்குவது மாதிரி ஏந்திக்கொண்டு போனார். விருந்துக்கான உப்பிட்ட பன்றித்தொடை ஹாம், பாலாடைக்கட்டி, ஒயின் எல்லாம் கோவிலுக்கு வெளியே வால்நட் மரத்தடியில் நீள மேஜையில் இருந்தது. காவலுக்கு நான். கசில்தாவும் வந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில்.

பௌலினோ போனைக் காட்டினார். கதவு திறந்தது. கைதட்டல். எல்லோரும் உள்ளே போனார்கள். கதவு தானே மூடிக்கொண்டது. அதற்கும் உள்ளே கைதட்டினார்கள்.

அப்புறம் அது திறக்கவில்லை.

வெளியே வருவதற்கு உள்பக்கம் ஒரு பொத்தான் வைக்க வேண்டும். அதை அடுத்த வாரம் வந்து வைப்பதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தாராம். அதுவரை போனாலேயே திறக்கலாம் என்று பௌலினோ நினைத்திருந்தார். ஆனால் அந்தக் காலத்துச் சுவர், ஒரு கழுதையை நிறுத்தி வைக்கிற அகலம். உள்ளே ஒருத்தர் போனிலும் சிக்னல் இல்லை. சோதித்துப் பார்த்தபோதெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்திருக்கிறார்கள்.

முதலில் கதவைத் தட்டும் சத்தம். அப்புறம் சுவரில் ரொட்டி அகலத்துக்கு இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக எவேலியோவின் மூக்கு தெரிந்தது.

"தொமித்திலா! கதவு திறக்க மாட்டேங்குது!"

அவர் அசைந்ததும் உள்ளே இனிமையான ஒரு பெண்குரல் பேசியது: "வணக்கம். நீங்கள் இப்போது பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குள் நுழைகிறீர்கள். உங்கள் வலப்பக்கம்..."

"அதை நிறுத்துய்யா!" என்று லெயோனோர் மேடம் கத்துவது கேட்டது.

"நிறுத்த முடியாது மேடம், ஆள் அசைஞ்சா தானா ஆரம்பிக்கும்" என்றார் பௌலினோ. அவர் கையை அசைத்திருக்க வேண்டும். "வணக்கம். நீங்கள் இப்போது..."

ஜன்னல் வழியாக பௌலினோவின் போனை எட்டி வாங்கி வெளியே பூட்டில் காட்டிப் பார்த்தேன்; உள்ளே நுழைய அந்த டிக்கெட் ஒரு தடவைதான் செல்லுமாம், புது டிக்கெட் விற்பனை மறுநாள்தானாம். நான் கடைக்கு ஓடிப்போய் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம். சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். திரும்பி வந்து சொன்னேன். உள்ளே யாரோ பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். குரல் மறுபடி வணக்கம் சொன்னது.

கசில்தா ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஜன்னலுக்குக் கீழே ஏறி நின்றாள்.

"யாரு உள்ள?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"அண்ணி, விளையாடாதீங்க. அந்த ஹாம் தட்டையாவது இப்படிக் கொடுங்க. மேடம் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"தட்டு நுழையாதுப்பா. துண்டு துண்டாத்தான் தர முடியும். அதுக்கும் எனக்கு நேரம் வேணும். வீட்டு முற்றத்துல பிடுங்கிப் போட்ட பீன்ஸ் கொடி காஞ்சு கிடக்கு, மழை வர்றதுக்குள்ள கொட்டையை உரிச்சாகணும். நான் கிளம்பறேன்."

உள்ளே ஒருத்தரும் அசையவில்லை போலிருக்கிறது. குரல்கூடப் பேசவில்லை.

"அம்மா" என்றது லெயோனோர் மேடத்தின் குரல். "அந்த பீன்ஸை இங்க கொண்டு வந்தா நாங்க உரிச்சுத் தர மாட்டமா?"

"ஐயோ, உங்களைப் போய் வேலை வாங்குவனா மேடம்? நல்லாயிருக்காதே."

"பரவாயில்லம்மா. எவ்வளவு நேரம்தான் அந்த வானதூதரையே பார்த்துட்டு உக்காந்திருக்கறது."

கசில்தா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் தள்ளுவண்டியோடு ஓடினேன்.

காய்ந்த பீன்ஸ் கொடிகளைக் கைப்பிடி கைப்பிடியாக ஜன்னலுக்குள் திணித்தோம். ஒவ்வொரு கொத்து உள்ளே போகும்போதும் ஒரு துண்டு ஹாம் போகும். உரித்த பீன்ஸ் சாமியாரின் தொப்பியில் நிரம்பி வெளியே வரும். அசைந்தால் குரல் பேசும் என்பதால் எல்லோரும் ஆடாமல் அசையாமல் விரலை மட்டும் அசைத்து உரித்தார்களாம். பத்திரிகைக்காரர் அப்புறம் சொன்னார், அவ்வளவு ஒழுங்காக அலுவலகத்தில் யாரும் வேலை செய்து அவர் பார்த்ததில்லையாம்.

ஒயின் புட்டியின் கழுத்து ஜன்னலில் நுழைந்தது. எவேலியோ ஆவலாகக் கையை நீட்டினார். கசில்தா புட்டியைப் பின்னால் இழுத்தாள்.

"கொழுந்தனாரே, ஒரு சந்தேகம். உங்கம்மா சாவியை ஏன் என்கிட்ட கொடுத்தாங்க?"

"இப்ப எதுக்கு அண்ணி அது?"

"சும்மா. ரொம்ப நாளா நீ கேட்டுட்டே இருக்கியேன்னு."

"அவங்க முன்னாடி எதுக்கு..."

"ஒயின் சூடாகுது."

எவேலியோ தொண்டையைச் செருமினார். "என் வாயில ரகசியம் தங்காதுன்னு கொடுத்தாங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"கேக்கல."

"வாயில ரகசியம் தங்காது! கையில சாவி தங்காது! தொலைச்சிடுவேன்னு கொடுத்தாங்க! போதுமா?"

அவர் கையை வீசிச் சொன்ன வேகத்தில் குரல் விழித்துக்கொண்டு வணக்கம் சொன்னது. உள்ளே எல்லோரும் சிரிப்பது வெளியே மரத்தடி வரை கேட்டது. கசில்தா புட்டியை விட்டாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. "என்ன இருந்தாலும் பெத்த பிள்ளை. அந்தக் கிழவி இதை அவன் முகத்துக்கு நேரா சொல்லிட்டாவது போயிருக்கணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

கடைசிக் கொடியும் உரித்து முடிந்தது. கசில்தா பெட்டியிலிருந்து இறங்கினாள். வண்டியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக் கதவுக்குக் கீழே, கீல் பக்கம் செருகினாள்.

"தொமி, இதை மிதிச்சுக்கோ."

நான் மிதித்தேன். அவள் கதவைத் தோளில் தாங்கிக் கொஞ்சம் மேலே தூக்கி இடித்தாள். அவ்வளவு பெரிய ஓக் மரக் கதவு, பூட்டு ஒரு பக்கம் அப்படியே இருக்க, கீல் பக்கமாகக் கழன்று, ஒரு ஆள் நுழைகிற அளவு விலகியது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. மடியெல்லாம் பீன்ஸ் தோலோடு எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பௌலினோதான் முதலில் வெளியே வந்தார். கதவைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார்.

"அப்ப... இந்தக் கதவு பூட்டவே பூட்டாதா?"

"பூட்டு எங்க மாமியார் காலத்துலேயே செத்துப் போச்சு தம்பி. சாவி உள்ள போய்ச் சும்மா சுத்தும். தோளால இடிச்சா திறக்கும். அதான் எல்லாரையும் இடிக்கச் சொல்லுவேன். கீல்ல முளையும் தேஞ்சிருக்கு, அதான் உங்க பூட்டு இருந்தும் தூக்கினதும் இந்தப் பக்கமா கழண்டு வந்துச்சு."

"அப்ப சாவி எதுக்கு?"

கசில்தா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "சாவி இல்லன்னா என் வீட்டுக் கதவை யாரு தட்டுவா?"

லெயோனோர் மேடம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இத்தனை நேரமும் நீங்க திறந்திருக்கலாமா?"

"திறந்திருக்கலாமே மேடம்."

"பின்ன ஏன் திறக்கல?"

"பீன்ஸை யாரு உரிக்கறது?"

மேடம் கசில்தாவை முறைத்தார். நான் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் அந்த அம்மா வால்நட் மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "எங்க அம்மாகூட இப்படித்தான், வீட்டுக்கு விருந்தாளி வந்தா முதல்ல உரிக்கச் சொல்லிக் கையில வெங்காயத்தைக் கொடுப்பா" என்றார். அன்றைக்கே ஒரு பானை பீன்ஸ் பன்றி ரத்தம் அடைத்த சாஸேஜோடு கசில்தா வீட்டு முற்றத்தில் கொதித்தது. எலக்ட்ரீஷியன் தூங்கி எழுந்து வந்தபோது எல்லோரும் இரண்டாவது தட்டில் இருந்தார்கள். அவரும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பௌலினோ மட்டும் முதலில் கரண்டியைத் தொடவில்லை. கசில்தா அவர் தலைக்கு மேல் நின்று, "சாப்பிடு தம்பி, உன் பங்கை நீதான் உரிச்ச" என்றாள். சாப்பிட்டார். மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

மின்சாரப் பூட்டை அந்த மாதமே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாவி பழையபடி பச்சைக் கதவு வீட்டுக்கே வந்துவிட்டது. குரலை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். வௌவால் பறந்தால் இப்போதும் வணக்கம் சொல்கிறது.

வசந்த காலத்தில் கசில்தா முழங்கால் ஆபரேஷனுக்கு நகரத்துக்குப் போனாள். போகிற அன்று சாவியை எவேலியோவிடம் கொடுத்தாள். கீல் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே தூக்க வேண்டும் என்பதை மேலே கூட்டிப் போய்க் காட்டிக் கொடுத்தாள். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "பத்திரமா பார்த்துப்பேன் அண்ணி. யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன், மரியாதையா நடத்துவேன்" என்றார்.

கசில்தா ஊன்றுகோலோடு டாக்ஸியில் திரும்பி வந்த அன்று சதுக்கமே இரைச்சலாக இருந்தது. எவேலியோ வீட்டுக் கூரையில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். ஏணியில் அவர் மனைவி ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் ஓய்வுபெற்ற தபால்காரர்கள் ஒரு பஸ் நிறைய, தோட்டத்துக்குக் கல்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எவேலியோ நிழலில் நாற்காலி போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தக் கல்லு இல்ல சார், பக்கத்துல இருக்கே, அது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கசில்தா டாக்ஸியில் இருந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தொமி" என்றாள். "நான் ஒரு பல்புல ஆரம்பிச்சேன். இவன் வீட்டையே கட்டிட்டிருக்கானே."

"போய்த் திட்டப் போறியா?"

"திட்டறதா? அந்தப் பல் டாக்டர் ஓடெல்லாம் தலைகீழா வெக்கறாரு, மழை வந்தா எல்லாம் உள்ள ஒழுகும்." ஊன்றுகோலை ஊன்றி இறங்கி, கூரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே சதுக்கத்தைக் கடந்து போனாள்.